மழையங்கி தந்த மக்கின்டாஷ்

முன்னுரை

ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களின் தோற்றமே மாறிவிடும். ஏரிகள் நிரம்பும், கலங்கல்கள் வழியும், அடையாற்றில் செந்நிறப் புதுவெள்ளம் புரண்டோடும். அவ்வாற்றின் அணித்தே அமைந்த ஊர் திருமுடிவாக்கம். அங்குச் சிறுதொழில்களுக்கென அமைக்கப்பட்ட தொழிற்பேட்டை ஒன்று உண்டு. மழை பெய்கின்றது என்பதற்காக அங்கு வேலை தொடங்கும் நேரம் தள்ளிப் போவதில்லை. குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்தும் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்தும் தொழிலாளர் பலர் இருசக்கர வண்டிகளில் விரைந்து வருவர். அவர்தம் உடலைத் தலைமுதல் முழங்கால்வரை மூடியிருப்பது மழையங்கி. மக்கள் அதனை மழைக்கோட்டு என்றும் வழங்குவர்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் தாம்பரத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய பெருமழையின் முன்னர் எந்த அங்கியும் பயன்படாது. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் மழையில் நனையாது பள்ளி செல்லவும், பணிக்குச் செல்லவும், நெடுவழிப் பயணம் மேற்கொள்ளவும் மழையங்கி நமக்கு உற்ற துணையாகின்றது. அதனை அணியும் நாம், அஃது எவ்வாறு தோன்றியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மழைக்கு அஞ்சி வீட்டிலேயே அடங்கியிருந்தவர் அல்லர் நம் முன்னோர். முல்லை நிலத்து ஆயர், பனையோலையால் முடைந்த பாயை முதுகில் இட்டுக்கொண்டு மழையில் நின்றனர். சங்க நூல்கள் அதனைப் பறி என்று குறிக்கின்றன. உழவர் தாழை மடலாலும் பனையோலையாலும் குடை செய்து கொண்டனர். கோணியின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துச் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியைச் சிற்றூர்களில் இன்றும் காணலாம். இவை மழையை ஓரளவு தடுப்பன. ஆயினும் ஓலை மடங்காது. கோணி சற்று நேரத்தில் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். துணியைப்போல் மடங்க வேண்டும். ஓலையைப்போல் நீரை வழியவிட வேண்டும். இவ்விரு பண்பும் ஒருங்கே அமைந்த பொருளைப் பெருமளவில் செய்து உலகிற்கு வழங்கியவர் சார்லஸ் மக்கின்டாஷ் என்னும் வேதியியல் அறிஞர். அவர் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

சார்லஸ் மக்கின்டாஷ் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் 1766-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் பிறந்தார். அந்நாடு மழைக்கும் பனிக்கும் பெயர் பெற்றது. அவர் தந்தையார் ஜார்ஜ் மக்கின்டாஷ் சாயத் தொழில் நடத்தி வந்தார். பாறைகளில் படரும் கற்பாசியிலிருந்து செந்நீலச் சாயம் ஒன்றை அவர் செய்தார். நம் வீட்டு அடுக்களையில் கறிக்கு மணமூட்டும் கல்பாசியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கற்பாசியிலிருந்து நிறத்தை வெளிப்படுத்துவதற்கு அம்மோனியா என்னும் காரப்பொருள் வேண்டும். அக்காலத்தில் அதனைச் சிறுநீரிலிருந்து பெற்றனர். ஆகவே ஜார்ஜ், நகர மக்களிடமிருந்து நாள்தோறும் பெருமளவில் சிறுநீரைத் திரட்டி வந்தார். தொழிலின் நுட்பம் வெளியே பரவாதபடி ஆலையைச் சுற்றி உயர்ந்த மதில் எழுப்பினார். மலைநாட்டு மொழி மட்டுமே அறிந்தவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பிறர் வேண்டா என்று ஒதுக்கியதிலும் ஒரு பயன் உண்டு என்னும் உண்மையை இளைஞர் சார்லஸ் தந்தையாரின் ஆலையிலேயே கண்டுகொண்டார். பின்னர் அவர் செய்த செயல்கள் பலவற்றிற்கும் இதுவே வித்தாயிற்று.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிளாஸ்கோவில் ஒரு வணிகரின் கணக்கு நிலையத்தில் எழுத்தராக அமர்த்தப்பட்டார். பேரேட்டில் வரவு செலவு எழுதுவதில் அவர் உள்ளம் செல்லவில்லை. ஓய்வு கிடைத்த போதெல்லாம் வேதியியல் கற்றார். கிளாஸ்கோவில் வில்லியம் இர்வின் என்பாரிடமும், பின்னர் எடின்பரோ நகரில் ஜோசப் பிளாக் என்னும் பேரறிஞரிடமும் பாடம் கேட்டார். கரியமில வாயுவின் இயல்பை ஆராய்ந்து விளக்கியவர் பிளாக். நல்லாசிரியரின் தொடர்பு மாணவரின் ஆர்வத்தை நெறிப்படுத்தியது. இருபது வயது நிரம்புமுன்னரே சார்லஸ் எழுத்தர் பணியைத் துறந்தார். நவச்சாரம் செய்யும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார்.

பல தொழில் வல்லுநர்

மழையங்கி ஒன்றையே மக்கின்டாஷ் செய்தார் என்று பலரும் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. மழையங்கிக்கு வழி கண்டபொழுது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். அதற்கு முன்னரே வேதித் தொழில்கள் பலவற்றில் அவர் கைதேர்ந்தவராய் விளங்கினார்.

சாயத் தொழிலுக்கு வேண்டிய ஈயச் சர்க்கரை என்னும் உப்பு அக்காலத்தில் ஹாலந்து நாட்டிலிருந்து வந்து கொண்டிருந்தது. அதனைத் தம் நாட்டிலேயே செய்யத் தொடங்கினார் மக்கின்டாஷ். 1797-ஆம் ஆண்டில் ஹர்லெட் என்னும் ஊரில் ஸ்காட்லாந்தின் முதற் படிகார ஆலையை நண்பர்களுடன் சேர்ந்து நிறுவினார். அவ்வாலைக்கு மூலப்பொருள் எங்கிருந்து கிடைத்தது? நிலக்கரியை வெட்டி எடுத்தபின் பயனற்றவை என்று விடப்பட்ட சுரங்கங்களிற் கிடந்த பாறையிலிருந்தே கிடைத்தது.

துணி வெளுக்கும் தொழிலிலும் அவர் பெருந்தொண்டு செய்தார். முன்னாளில் புதுத் துணியைப் புல்வெளியில் விரித்து வாரக் கணக்கில் வெயிலில் காயவிட்டே வெளுத்தனர். குளோரின் வாயுவை உலர்ந்த சுண்ணாம்பில் ஏற்றினால் வெளுக்கும் தூள் உண்டாகும் என்னும் முறை வந்தபின், வாரக் கணக்கில் நிகழ்ந்த வேலை சில நாட்களில் முடிந்தது. இம்முறைக்கு 1799-இல் சார்லஸ் டென்னன்ட் என்பவர் காப்புரிமை பெற்றார். அவருடைய கூட்டாளியாக இருந்த மக்கின்டாஷ், அதனைக் கண்டறிந்ததில் பெரும்பங்கு கொண்டவர் என்பர். ஆயினும் காப்புரிமையில் நின்ற பெயர் டென்னன்டின் பெயரே. மாணவர்கள் இச்செய்தியை நினைவிற் கொள்க. பின்னர் இதற்கு வேலை உண்டு.

கழிவிலிருந்து கிடைத்த கரைப்பான்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகளை நிலக்கரி வாயுவால் எரிக்கத் தொடங்கினர். கிளாஸ்கோ நகருக்கு 1818-இல் வாயு விளக்கு வந்தது. நிலக்கரியை மூடிய கலத்திலிட்டுச் சூடேற்றினால் எரிவாயு பிரியும். அதனுடன் கரிய தாரும், அம்மோனியா கலந்த நீரும் வெளிப்படும். இவ்விரண்டையும் எங்கே கொட்டுவது என்று வாயு நிலையத்தார் திகைத்தனர்.

மக்கின்டாஷுக்கோ சாயத் தொழிலுக்கு அம்மோனியா வேண்டும். எனவே 1819-இல் வாயு நிலையத்தாருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, அக்கழிவுகளைத் தாமே பெற்றுக்கொள்ள இசைந்தார். அம்மோனியா நீர் சாயத்திற்குப் பயன்பட்டது. தாரைக் காய்ச்சிக் கீல் எடுத்தார். தாரைக் காய்ச்சுங்கால், எளிதில் ஆவியாகும் எண்ணெய் ஒன்று தனியே பிரிந்தது. அதற்கு நாப்தா என்று பெயர். அதனை என் செய்வது? இவ்வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

அந்நாளில் இரப்பரைப்பற்றிய வினா ஒன்றும் விடை காணாது நின்றது. தென் அமெரிக்காவில் அமேசான் காட்டு மக்கள், மரத்தின் பாலைத் துணியில் தடவியும் அச்சுகளின்மேல் பூசியும் நீர் புகாத காலணிகளையும் குடுவைகளையும் நெடுங்காலமாகச் செய்து வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் லா கோண்டமின் இச்செய்தியை ஐரோப்பாவிற்கு அறிவித்தார். ஆயினும் மரத்துப் பால் கப்பலில் வந்து சேர்வதற்குள் இறுகிக் கட்டியாகிவிடும். கட்டியான இரப்பரை மீண்டும் இளக்கித் துணியில் பூசுவது எங்ஙனம்? கர்ப்பூரத் தைலமும் ஈதரும் அதனைக் கரைக்கும். ஆனால் அவை விலை மிகுந்தவை, அல்லது பூச்சு நன்கு உலராதபடி செய்பவை. ஆகவே ஐரோப்பியர் இரப்பரைப் பெரும்பாலும் எழுதுகோற் கோடுகளை அழிக்கவே பயன்படுத்தினர்.

நாப்தா இரப்பரைக் கரைக்கின்றது என்பதை மக்கின்டாஷ் கண்டார். கரைசலைத் துணியிற் பூசினால், நாப்தா ஆவியாய்ப் போய்விடும். இரப்பர் மெல்லிய ஏடாகத் துணியிற் படிந்து நிற்கும்.

ஈண்டு மற்றோர் உண்மையையும் கூறுதல் வேண்டும். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் எண்ணெய் இரப்பரைக் கரைக்கும் என்பதை 1818-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் சைம் என்னும் மருத்துவ மாணவர் கண்டறிந்து அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார். அப்பொழுது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவர் அதற்குக் காப்புரிமை தேடவில்லை. தம் மருத்துவக் கல்வியில் ஆழ்ந்துவிட்டார். பின்னாளில் அவர் புகழ் வாய்ந்த அறுவை மருத்துவராய் விளங்கினார்.

அவ்வாறாயின் மக்கின்டாஷ் புதிதாகச் செய்தது யாது? இரப்பர் பூசிய துணி பிசுபிசுப்பாக இருக்கும், தொட்டால் ஒட்டும், தூசியும் படியும். அதனை அணிய ஒருவரும் விரும்பார். மக்கின்டாஷ் பூச்சின்மேல் மற்றொரு துணியை வைத்து உருளைகளின் இடையே விட்டு அழுத்தினார். இரண்டு தாள்களின் நடுவே பசை தடவி ஒட்டுவதுபோல், இரண்டு துணிகளின் நடுவே இரப்பர் மறைந்து நின்றது. உள்ளேயும் துணி, வெளியேயும் துணி. நடுவே நீர் புகாத் தடுப்பு. எளிய உத்திதான், ஆயினும் அவ்வுத்தியே ஆய்வுக்கூடத்துச் செய்தியை மக்கள் அணியும் ஆடையாக்கியது. இதற்கு 1823-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்தது.

தொழிலில் நேர்ந்த இடர்கள்

பருத்தித் தொழிலுக்குப் பேர்போன மான்செஸ்டர் நகரில், பெர்லி உடன்பிறந்தாருடன் கூட்டுச் சேர்ந்து 1824-இல் ஆலை தொடங்கினார் மக்கின்டாஷ். அவர் செய்த துணி விரைவில் நெடுந்தொலைவு சென்றது. வட அமெரிக்காவின் பனிக்கடற் கரையை ஆராய 1825-இல் புறப்பட்ட ஜான் பிராங்க்ளின் என்னும் கடலோடி, சிறு படகு ஒன்றை உடன் கொண்டு சென்றார். ஒன்பது அடி நீளமுள்ள அப்படகின் மரச்சட்டத்தின்மேல் போர்த்தியிருந்தது மக்கின்டாஷ் முறையில் செய்த துணி. தனித்தனியே கழற்றிச் சுமக்கவும், வேண்டும்போது பூட்டி ஆற்றைக் கடக்கவும் அது பயன்படுமாறு அமைந்திருந்தது.

எனினும் வெற்றி எளிதில் வந்து விடவில்லை. முதலாவதாக, தையற்காரர்கள் இப்புதிய துணியைப் பழைய துணிபோலவே எண்ணித் தைத்தனர். ஊசி புகுந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு துளை உண்டாயிற்று. துணி நீரைத் தடுத்தது. தையலோ நீரை உள்ளே விட்டது. அங்கியை வாங்கியவர் தையலைக் குறை கூறவில்லை. துணியையே குறை கூறினர். இரண்டாவதாக, ஆட்டு மயிரில் இயற்கையாக உள்ள எண்ணெய் இரப்பரை அரித்தது. மூன்றாவதாக, குளிர் மிகுந்தால் அங்கி பலகைபோல் விறைத்தது; வெயில் மிகுந்தால் இளகி ஒட்டிக்கொண்டது. நம் நாட்டுச் சித்திரை வெயிலில் அவ்வங்கியை மடித்து வைத்திருந்தால் மீண்டும் விரித்தல் அரிதாகியிருக்கும். இவற்றுடன் நாப்தாவின் நெடியும் சேர்ந்தது.

இக்குறைகளைக் கண்டு மக்கின்டாஷ் சோர்ந்துவிடவில்லை. தையற்காரர்களிடம் துணியை விற்பதோடு நில்லாமல், ஆலையிலேயே அங்கிகளைத் தைக்கவும், தைத்த இடங்களை இரப்பர்க் கரைசலால் அடைக்கவும் ஏற்பாடாயிற்று. மற்றைக் குறைகளுக்குத் தம் அறிவு மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

துணை நின்ற ஹான்காக்

அக்காலத்தில் இலண்டன் நகரில் தாமஸ் ஹான்காக் என்பவர் வாழ்ந்தார். குதிரை வண்டிகள் செய்வது அவர் தொழில். வண்டியில் செல்வோர் மழையில் நனையாதிருக்க வழி தேடிய அவர், இரப்பரை ஆராயத் தலைப்பட்டார். இரப்பர்த் துண்டுகளை வீணாக்காது பயன்படுத்த வேண்டி, 1820-இல் பற்கள் பொருந்திய உருளைப் பொறி ஒன்றைச் செய்தார். துண்டுகள் மேலும் சிறு துகள்களாகும் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் அவை பிசைந்த மாவைப்போல் ஒரே உருண்டையாய்த் திரண்டன! அவ்வாறு பிசையப்பெற்ற இரப்பர் எளிதில் கரைந்தது. இந்நுட்பத்தைப் பிறர் அறியாதிருக்க, அப்பொறிக்கு ஊறுகாய் என்னும் பொருள்படும் பெயரை இட்டு வழங்கினார்.

இவர் மக்கின்டாஷின் போட்டியாளராக இருந்திருக்கலாம். மக்கின்டாஷோ அவருக்குத் தம் காப்புரிமையைப் பயன்படுத்த 1825-இல் இசைவளித்தார். சில ஆண்டுகளில் அவரைக் கூட்டாளியாகவும் ஏற்றுக்கொண்டார். ஹான்காக் பிசைந்த இரப்பரைப் பயன்படுத்திய பின்னர் மக்கின்டாஷின் துணி முன்னினும் சிறப்பாக அமைந்தது. கரைப்பானின் செலவும் நெடியும் குறைந்தன.

1836-ஆம் ஆண்டில் காப்புரிமையை மீறியவர்கள்மேல் மக்கின்டாஷ் நிறுவனத்தார் வழக்குத் தொடுத்தனர். கரைக்கும் முறையைச் சைம் முன்னரே வெளியிட்டுவிட்டார் என்னும் செய்தியும் அங்கு எழுந்தது. எனினும் தீர்ப்பு மக்கின்டாஷின் பக்கமே அமைந்தது. இரு துணிகளை ஒன்றாக்கிய முறை அவருடையதே.

மழையங்கித் தொழிலுக்கிடையிலும் பிற துறைகளில் அவர் ஆர்வம் குன்றவில்லை. இரும்பை எஃகாக்கும் முறை ஒன்றிற்கு 1825-இல் காப்புரிமை பெற்றார். உலையில் சூடான காற்றைச் செலுத்தி இரும்பை உருக்கும் முறையை 1828-இல் ஜேம்ஸ் நீல்சன் கண்டறிந்தபோது, அவருக்குத் துணை நின்று அம்முறை பரவ உதவினார். அங்கும் விளங்குவது நீல்சனின் பெயரே.

இறுதி நாட்கள்

வெயிலுக்கு இளகாமலும் குளிருக்கு விறைக்காமலும் இரப்பரைச் செய்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர். அவர் வறுமையில் உழன்றவர்; கடனுக்காகச் சிறையும் புகுந்தவர். 1839-இல் கந்தகம் கலந்த இரப்பர் சூடான அடுப்பின்மேல் பட்டபோது, அஃது உருகாமல் உறுதி பெற்றதை அவர் கண்டார். இரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்துவிடுவதனால் இம்மாற்றம் நிகழ்கின்றது என்பதை இன்று நாம் அறிவோம். குட்இயர் செய்த இரப்பர்த் துண்டுகள் ஹான்காக்கின் கைக்கும் வந்தன. அவர் அவற்றை ஆராய்ந்து, தாமும் அம்முறையைக் கண்டறிந்து, 1843-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அந்நற்செய்தியைக் கேட்க மக்கின்டாஷ் உயிருடன் இல்லை. அதற்கு நான்கு திங்களுக்கு முன்னர், 1843-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள், கிளாஸ்கோவை அடுத்த தம் இல்லத்தில் தம் எழுபத்தேழாம் அகவையில் அவர் இயற்கை எய்தினார். இருபது ஆண்டுகள் போராடியும் தீராத குறை, அவர் மறைந்த ஆண்டிலேயே தீர்ந்தது. அதன் பின்னரே மழையங்கி எந்நாட்டுத் தட்பவெப்பத்திற்கும் ஏற்றதாயிற்று. ஆங்கில மொழியில் மழையங்கிக்கு மக்கின்டாஷ் என்னும் பெயரே வழங்கலாயிற்று. பெயரை எழுதுவோர் நடுவே ஓர் எழுத்தைக் கூட்டி எழுதினர். அப்பிழையே நிலைத்தும் விட்டது.

பெயரும் உழைப்பும்

வெளுக்கும் தூளில் மக்கின்டாஷின் உழைப்பு இருந்தது. பெயர் டென்னன்டுக்குச் சென்றது. மழையங்கியில் சைம், ஹான்காக், குட்இயர் ஆகியோரின் அறிவும் கலந்திருந்தது. பெயர் மக்கின்டாஷுக்கு வந்தது. இவர்களுக்கெல்லாம் முன்னரே இரப்பரின் பயனை அறிந்திருந்த அமேசான் காட்டு மக்களின் பெயர் ஒன்றுகூட வரலாற்றில் இல்லை. ஒருவர் பெயரால் வழங்கும் பொருள் ஒருவரால் மட்டும் ஆனதன்று.

இவ்வரலாற்றில் தமிழருக்கும் பங்கு உண்டு. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து இரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு வந்தார். அங்கு முளைத்த கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பின்னர் மலேயாவிலும் பரவின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியோருள் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற ஏழைத் தமிழர். பொழுது புலருமுன் எழுந்து, மரத்திற்கு மரம் நடந்து, பட்டையைக் கீறிப் பால் எடுத்தனர். உலகோர் மழையில் நனையாதிருக்கப் பொருள் ஈட்டித் தந்த அவர்களுள் எத்தனை பேர் மழையங்கி அணிந்திருப்பர்?

இன்று நம் மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டம் இரப்பர் விளைவிற் சிறந்து விளங்குகின்றது. மழைக்காலத்தில் பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. வடியும் பாலும் மழைநீரோடு வழிந்துவிடும். ஆகவே வெட்டுமிடத்திற்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுவர். மழையங்கிக்குப் பால் தந்த மரத்திற்கே மழையங்கி அணிவிக்கின்றனர்! நம் நாட்டிலேயே மழையங்கி செய்ய வேண்டும் என்னும் எண்ணத்துடன் சுரேந்திர மோகன் போஸ் என்பவர் 1920-இல் கல்கத்தாவில் தொழில் தொடங்கினார். டக்பேக் என்னும் பெயரால் அவ்வங்கிகள் நாடெங்கும் அறிமுகமாயின.

நாம் தேரும் மழையங்கி

மக்கின்டாஷ் பட்ட இடர்கள் இன்று மழையங்கி வாங்குவோர்க்கு நல்ல பாடமாகும். கடைக்குச் சென்றதும் நிறத்தையும் பளபளப்பையும் கண்டு மயங்குதல் கூடாது. முதற்கண் அங்கியை உட்புறமாகத் திருப்பித் தையலைப் பார்த்தல் வேண்டும். தையல்மேல் நாடாப் போன்ற பட்டை ஒட்டப்பெற்றிருந்தால் நீர் உட்புகாது. தோள், அக்குள், தலைமூடி பொருந்தும் இடம் ஆகியவற்றில் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பற்பிணையின்மேல் மடிப்பு மூடியிருத்தலும், மணிக்கட்டு இறுக்கமாக அமைதலும் நன்று. துணி எத்துணை உயர்ந்ததாயினும் தையல் ஒழுகினால் அங்கி பயன்படாது. இதனை மான்செஸ்டர் ஆலையார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பட்டறிந்தனர்.

அடுத்து, வெளியிலிருந்து நீர் புகாத அங்கி உள்ளிருந்து வியர்வையையும் வெளியே விடாது. வண்டியில் அமர்ந்து செல்வோர்க்கு இது பெருங்குறையன்று. திண்ணிய பிளாஸ்டிக் அங்கியே அவர்க்குப் போதும். ஆனால் மலையேறுவோரும் நெடுந்தொலைவு நடப்போரும் மழையில் நனையாவிடினும் வியர்வையில் நனைந்துவிடுவர். குளிர்ந்த மலையில் அந்த ஈரம் உடல்நலத்திற்கும் கேடாகும். இதற்கும் ஒரு வழி பிறந்தது. 1969-இல் அமெரிக்கராகிய ராபர்ட் கோர் ஒருவகைப் பிளாஸ்டிக்கைச் சடுதியில் இழுத்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்த ஏடாக்கினார். அத்துளைகள் நீர்த்துளி புக இயலாத அளவிற்குச் சிறியவை. நீராவி வெளியேறும் அளவிற்குப் பெரியவை. அவ்வேட்டையும் துணிகளோடு ஒட்டியே அங்கி செய்கின்றனர். மக்கின்டாஷின் உத்தி அங்கேயும் தொடர்கின்றது. இவ்வகை அங்கி விலை மிகுந்தது. ஆதலின் செல்லும் வழியையும் செய்யும் பணியையும் எண்ணி, வேண்டியதை மட்டும் வாங்குதல் அறிவுடைமை.

சாலையில் செல்வோர் பளிச்சென்ற நிறமுள்ள அங்கியை அணிதல் நலம். மழையிருளில் எதிரே வருவோர் கண்ணுக்கு அது புலப்படும். தலைமூடி பார்வையை மறைக்காதிருத்தல் வேண்டும். பயன்படுத்திய அங்கியை ஈரத்துடன் மடித்து வைத்தல் ஆகாது. நிழலில் உலர்த்தியே மடித்தல் வேண்டும். ஈரத்தோடு மடித்த அங்கியில் பூஞ்சை பற்றும்; பூச்சும் உரிந்து போகும்.

முடிவுரை

ஒதுக்கப்பட்ட பாறையில் படிகாரம் கண்டவர் மக்கின்டாஷ். தெருவிளக்கின் கழிவில் மழையங்கி கண்டவரும் அவரே. குறை நேர்ந்தபோது அதனை மறைக்காமல் திருத்த முயன்றார். தம்மினும் வல்லவரைக் கண்டபோது பகைக்காமல் துணையாக்கிக் கொண்டார். அவர் பெயர் நிலைத்ததற்கு இப்பண்புகளே காரணமாகும். வரும் ஐப்பசியில் மழையங்கியை அணிந்து பள்ளிக்குப் புறப்படும் மாணவர், ஒருகணம் அதன் தையலைத் தொட்டுப் பார்ப்பாராக. அதில் மக்கின்டாஷின் அறிவு மட்டுமன்றி, பெயர் அறியப்படாத பலருடைய உழைப்பும் கலந்திருக்கின்றது. அவர்களுள் நம்மவரும் உளர்.